சிரிப்புப் புத்தகமா? முதலில் ஒரு பக்கம் சத்தமா வாசிங்க

பிள்ளைக்கு நகைச்சுவைப் புத்தகம் வாங்கப் போறீங்களா? அட்டைப்படத்தை நம்பாதீங்க. பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சு நடுவுல ஒரு பக்கத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. அது சிரிச்சா எடுங்க, இல்லாட்டி அடுத்த புத்தகம். இதுக்கு மதுரையில நல்ல இடம், 2023-ல திறந்த புது நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகம். சிறுவர் பகுதியே தனியா இருக்கு.

ஏழெட்டு வயசுக்கு வீரமாமுனிவரோட பரமார்த்த குரு கதை அருமையா எடுபடும். ஆறு தூங்குதான்னு பார்க்க சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணியில வைப்பான். 'சுர்'ருனு சத்தம் வந்ததும் ஓடி வருவான். அந்தச் 'சுர்'ரை நீங்க இழுத்துச் சொல்லணும், பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும். அந்தக் குரு கதையை எழுதின வீரமாமுனிவர் மதுரைப் பக்கம் கிறிஸ்தவ ஊழியம் செஞ்சவர்ங்கிறதையும் சொல்லுங்க.

நிறத்தை, உடம்பை, திக்குவாயைக் கேலி பண்ற புத்தகத்தை மட்டும் யோசிக்காம கீழே வச்சிடுங்க. பள்ளிக்கூடத்துல அதையே இன்னொரு பிள்ளைகிட்ட சொல்லும்.

பெரியவங்களுக்குத் தேவனோட 'துப்பறியும் சாம்பு'. சின்னச் சின்னக் கதைகள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு போதும். கண்ணு மங்கின தாத்தா பாட்டிக்கு நீங்களே வாசிச்சுக் காட்டுங்க.