பிள்ளையோடு ஊத சோப்புக் குமிழி

கடையில் விற்கும் குமிழி டப்பா பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், அல்லது கொட்டிவிடும். வீட்டிலேயே கலக்கலாம்: தண்ணீர் 6 டம்ளர், பாத்திரம் கழுவும் திரவம் 1 டம்ளர், கிளிசரின் 1 மேசைக்கரண்டி. கிளிசரின் இல்லையென்றால் சர்க்கரை 2 மேசைக்கரண்டி போதும், ஆனால் கை பிசுபிசுக்கும், எறும்பும் வரும்.

தண்ணீரில்தான் சோப்பை மெல்ல ஊற்ற வேண்டும். வேகமாகக் கலக்கினால் நுரை கட்டும். நுரைதான் குமிழிக்குப் பெரிய எதிரி. முதல் நாள் இரவே கலந்து மூடி வைத்தால் காலையில் நுரை அடங்கியிருக்கும்.

ஊதியதும் உடைகிறதா? பெரும்பாலும் காற்று வறண்டிருக்கும்; படலத்திலுள்ள நீர் ஆவியாகி மெலிந்துவிடும். மழை விட்ட நேரமோ, அதிகாலையோ நல்லது. உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக வேலை செய்யாது, காய்ச்சி வடித்த நீரை எடுங்கள். வளையத்தைத் தொடும் கையும் ஈரமாக இருக்கட்டும், காய்ந்த விரல் பட்டால் போச்சு.

சின்னப் பிள்ளைகள் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடுவார்கள். உறிஞ்சுகுழலின் மேல்பாதியில் ஊசியால் இரண்டு மூன்று துளை போடுங்கள்: ஊதினால் குமிழி வரும், உறிஞ்சினால் காற்றுதான் வரும். அப்படியும் பக்கத்திலேயே இருங்கள். கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். புல்தரை உத்தமம், சிமெண்டுத் தரையும் ஓடுகிற பிள்ளையும் சேர்ந்தால் வழுக்கும்.

ஒரு குமிழியை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சியில் நிறங்கள் மறைந்து கருமை படரும்போது "இப்போ!" என்று கத்தலாம். படலம் அங்கே மிக மெலிந்துவிட்டது, அடுத்த நொடி உடையும்.