டர்ன்டேபிளை டிஜிட்டல் சிஸ்டத்தில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இசைத்தட்டு ஓட்டும் புது டர்ன்டேபிளை சவுண்ட்பாரின் ஆக்ஸ் ஜாக்கில் நேராகச் செருகியவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள். சத்தம் சன்னமாக இருக்கிறது, வால்யூமை முழுக்க வைத்தாலும் பேஸ் வரவில்லை, தகர டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது. டர்ன்டேபிள் பழுதில்லை. நடுவில், ஊசி தரும் சிக்னலைப் பெருக்கிச் சரிசெய்யும் ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லை, அவ்வளவுதான்.

ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் சாதாரணமான எம்எம் (மூவிங் மேக்னட்) ரகம் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். ஆக்ஸ் ஜாக் அந்த ரகத்துக்காகச் செய்தது. அளவு மட்டும்தான் குறை என்றால் பெருக்கிவிட்டுப் போகலாம். ஆனால் எல்பி தட்டை வெட்டும்போதே பேஸை அமுக்கி, ட்ரெபிளைத் தூக்கித்தான் பதிகிறார்கள். பேஸை அப்படியே விட்டால் பள்ளம் அகலமாக ஆடி, ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுதான் அடங்கும். 1954-இல் அமெரிக்காவில் வகுத்த ஆர்ஐஏஏ என்ற பதிவு முறைப்படி, 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் கூடுதல். ப்ரீஆம்ப் சிக்னலைப் பெருக்குவதோடு இதையும் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்கிறது.

இந்த வேலை ஒரே ஒரு தடவை நடக்க வேண்டும். இரண்டு தடவை நடப்பது அடுத்த தவறு. ஆடியோ-டெக்னிகா எல்பி60 போன்ற மாடல்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் 'ஃபோனோ', 'லைன்' என்று ஒரு சுவிட்ச். அதை 'ஃபோனோ'வில் வைத்தால் உள்ளிருக்கும் ப்ரீஆம்ப் வேலை செய்யும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது நேர்மாறு. 'ஃபோனோ'வில் வைத்தால் கார்ட்ரிட்ஜின் சிக்னல் அப்படியே வெளியே போகும். ஸ்பீக்கரை இயக்கும் ரிசீவரின் ஃபோனோ ஜாக்குக்குப் பின்னால் ஒரு ப்ரீஆம்ப் இருக்கும், அதில் செருகுவதற்கு அதுதான் சரி. ஆக்ஸில் செருகுவதாக இருந்தால் 'லைன்'. 'லைன்' சிக்னலை ரிசீவரின் ஃபோனோ ஜாக்கில் கொடுத்தால் பேஸ் வீங்கி, குரல் உடைந்து கேட்கும். சுவிட்சை மாற்றும்போது வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிஜிட்டல் பக்கம். பணம் வீணாவது அதிகமும் இங்கேதான். ஹெச்டிஎம்ஐயும் ஆப்டிகலும் மட்டும் உள்ள சவுண்ட்பார்கள் நிறைய. ஆப்டிகல் வழியே டிஜிட்டல் சிக்னல் மட்டும்தான் போகும், டர்ன்டேபிள் தருவதோ அனலாக். சரி, ஒரு கன்வெர்ட்டர் போதும் என்று ஆன்லைனில் தேடி, டிவிக்காக விற்கிற சின்னக் கறுப்புப் பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். அது டிஜிட்டலை அனலாக்காக மாற்றுவது; நமக்கு வேண்டியது எதிர்த்திசை. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சிவப்பு வெள்ளை ஜாக்குகளுக்கு மேல் 'இன்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'அவுட்' என்றிருந்தால் அது உதவாது. ஸ்பீக்கரே இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் வேலை சுலபம். சோனோஸ் கம்பெனியை எடுத்துக்கொண்டால் ஃபைவ் ஸ்பீக்கரில் லைன்-இன் (அனலாக் சிக்னலை வாங்கும் ஜாக்) உண்டு, ஈரா 100-க்குத் தனியாக அடாப்டர் வாங்க வேண்டும், ஆர்க், பீம் சவுண்ட்பார்களில் அனலாக் ஜாக்கே கிடையாது.

கணினியில் பதிவு செய்கிறவர்கள் லெவலை மேலே ஏற்றிவைப்பார்கள். டேப்பில் அது ஓரளவு செல்லும். டிஜிட்டலில் 0 டெசிபலைத் தாண்டியது துண்டிக்கப்படும், பிறகு மீட்க முடியாது. தட்டிலேயே சத்தமான இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் போதும். நொடிக்கு 1,92,000 தடவை சிக்னலை அளக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் கன்வெர்ட்டருக்குச் செலவழிப்பது என் கணக்கில் வீண். அந்தப் பணத்தில் நல்ல ஊசி வாங்கலாம்.

ப்ளூடூத்தைக் குறை சொல்ல மாட்டேன், சமைத்துக்கொண்டே கேட்க அது தாராளம். ஆனால் ப்ளூடூத் டர்ன்டேபிளைப் போனோடு இணைக்கப் பார்க்காதீர்கள். இரண்டுமே பாட்டை அனுப்புகிறவை, வாங்கிக்கொள்ள அங்கே யாருமில்லை. ஸ்பீக்கர் ஏற்கெனவே போனோடு இணைந்திருந்தால் முதலில் அதைத் துண்டித்துவிட்டு டர்ன்டேபிளை இணையுங்கள்.

தட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் எர்த் ஒயரைப் பாருங்கள். சிவப்பு வெள்ளை ஒயரோடு கவை போன்ற முனையுள்ள மெல்லிய ஒயர் ஒன்று வரும். அதை ப்ரீஆம்பிலோ ரிசீவரிலோ உள்ள 'ஜிஎன்டி' திருகில் மாட்ட வேண்டும். இரைச்சலை நிறுத்த ஆம்ப்ளிஃபையரின் த்ரீ பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற வைத்தியம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம், உயிருக்கே ஆபத்து. ப்ரீஆம்பை டர்ன்டேபிளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நீளமான ஒயர் ப்ரீஆம்புக்குப் பிறகு வரட்டும். ப்ரீஆம்புக்கு முன்னால் ஒயர் நீண்டால் இரைச்சலும் ஏறும், ட்ரெபிளும் மாறும்.

சப்ஊஃபர் உள்ள வீட்டில், அது நிற்கும் அதே மேசையில் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். அதிர்வு ஊசிக்குப் போய், ஊசியிலிருந்து மறுபடி சப்ஊஃபருக்கு வந்து ஊளையிட ஆரம்பிக்கும். தட்டு வளைந்திருந்தால் ஊஃபர் கோன் காதுக்குக் கேட்காமலே முன்னும் பின்னும் ஆடும். ப்ரீஆம்பில் இந்தக் கேட்காத அதிர்வை வடிக்கும் சப்சானிக் ஃபில்டர் இருந்தால் போட்டுவிடுங்கள்.

தாத்தா காலத்து '78' தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை) எல்பி ஊசியில் ஓட்டக் கூடாது. எல்பி ஊசி முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்); 78-இன் பள்ளத்துக்கு அதுபோல மூன்று நான்கு மடங்கு பெரிய முனை வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் உரசி, கரகரப்பைத்தான் எடுத்துத் தரும். டர்ன்டேபிளில் 78 வேகம் இல்லாவிட்டால் பரவாயில்லை. சரியான ஊசியைப் போட்டு 45-இல் ஓட்டிப் பதிந்துகொண்டு, ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் வேகத்தை 78-க்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்ஐஏஏவுக்கு முந்தைய சில கம்பெனிகளின் ஈக்யூ (பேஸ், ட்ரெபிளைத் திருத்தும்) அளவுகளும் அதிலேயே கிடைக்கின்றன. ஆனால் ப்ரீஆம்ப் ஏற்கெனவே போட்ட ஆர்ஐஏஏவைக் கழித்துவிட்டுத்தான் அவற்றைப் போட வேண்டும்.