டாக்டர் ‘மியூட்டேஷன்’ என்றால் என்ன கேட்பது?

மருத்துவ அறிக்கையில் மரபணுப் பிறழ்வு, அதாவது மியூட்டேஷன், என்று ஒரு வரி வந்துவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் கூகுளைத் திறந்துவிடுகிறோம். திறங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்த மாற்றம் எந்தச் செல்லில் இருக்கிறது?

பாதிப் பயம் இதிலேயே தெளிந்துவிடும். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், கட்டியைப் பரிசோதித்ததில் இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் என்று வந்தால் (ஆசிய நோயாளிகளிடம், அதுவும் புகைபிடிக்காதவர்களிடம், இது அதிகம்) அது அநேகமாக அந்தக் கட்டிக்குள் மட்டும் முளைத்த மாற்றம், பிள்ளைகளுக்கு வராது. மார்பக, சினைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ1 மரபணு விஷயம் வேறு. அது பிறக்கும்போதே உடல் முழுக்க இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு. கட்டியில் பிஆர்சிஏ மாற்றம் தெரிந்தால், “இரத்தத்திலும் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.

அடுத்து, என்ன மாறியது? மரபணு எழுதப்பட்டிருப்பது டிஎன்ஏவில், ஆங்கில ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில். செல் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துத்தான் புரதம் செய்யும். ‘அணில் மரம் ஏறும்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். ஒரே ஒரு எழுத்து மாறி ‘அணில் கரம் ஏறும்’ ஆனால் பொருள் கெட்டாலும் படிக்க முடிகிறது. சிவப்பணு அரிவாள்போல் வளைந்துபோகும் அரிவாள்செல் நோய் இப்படித்தான், ஹீமோகுளோபின் மரபணுவில் ஏ இருக்க வேண்டிய ஓரிடத்தில் டி, அவ்வளவுதான். சில எழுத்துகள் மாறினாலும் புரதத்தில் எந்த வித்தியாசமும் இருக்காது. ஆனால் ‘ணி’ விழுந்துபோனால்? ‘அல்ம ரம்ஏ றும்’. அங்கிருந்து எல்லாமே உளறல். பீட்டா தலசீமியா என்பது ஹீமோகுளோபின் குறையும் பரம்பரை இரத்தநோய். சீனர்களிடமும் இந்தியர்களிடமும் காணப்படும் அதன் ஒரு வகையில் நான்கு எழுத்துகள் இப்படி விடுபடுகின்றன, அந்த மரபணுப் பிரதியிலிருந்து உருப்படியான புரதமே வருவதில்லை. மூன்றின் மடங்காக விடுபட்டால் கதை மாறும்: ‘அணில் ஏறும்’ என்று சுருங்கினாலும் வாக்கியம் நிற்கிறது. இஜிஎஃப்ஆரில் அடிக்கடி காணாமல் போவது 15 எழுத்துகள். அதனால் புரதம் உடையாமல், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் செல்லைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறது. ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் குறிவைப்பது இந்தப் புரதத்தைத்தான்.

எழுத்து அளவில் இல்லாமல், டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோமே கூடுவதும் உண்டு. டவுன் சிண்ட்ரோமில் 21ஆவது குரோமோசோம் மூன்று பிரதிகளாக இருக்கும், பெரும்பாலும் அது பரம்பரையாக வருவதில்லை.

மூன்றாவது கேள்வி, ஒரு பிரதியிலா, இரண்டிலுமா? (பெரும்பாலான மரபணுக்கள் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும்.) கல்யாணம் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பீட்டா தலசீமியா ஒரு பிரதியில் மட்டும் இருப்பவருக்கு லேசான இரத்தசோகை தவிர பெரிதாக எதுவும் தெரியாது, பலர் ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். (சிவப்பணு சிறியதாக இருக்கிறது என்று சொன்னால், மாத்திரை வாங்கும் முன், உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.) இருவருமே அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 விழுக்காடு வாய்ப்பில் பிள்ளைக்குக் கடுமையான நோய் வரலாம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு முறையும் அதே 25தான். சாதகம் பார்க்கிறோமே, அதோடு இரண்டு பேரும் ஒரு இரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைந்துபோகும் ஜி6பிடி குறைபாடும் நம்மூரில் தெரிந்த பெயர்தான், சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளைத் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதிக்கிறார்கள். எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உள்ள ஆண்பிள்ளைகளுக்கு அதிகம். பெரும்பாலும் மாற்றம் மட்டும் நோயைக் கொண்டுவருவதில்லை, தூண்ட ஒன்று வேண்டும். பாட்டி புடவை அலமாரியில் போட்டுவைக்கும் பாச்சை உருண்டை, நாப்தலின் என்றால், போதும். அந்தத் துணியில் குழந்தையைச் சுற்றினாலே சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம், முற்றினால் மூளை பாதிக்கப்படும். பிள்ளைக்கு இது இருக்கிறது என்றால் உருண்டைகளை இன்றைக்கே எடுத்துப் போடுங்கள், எந்த மருந்து வாங்கினாலும், நாட்டு மருந்து, சீன மருந்து உட்பட, முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். இவ்வளவு தொல்லை தரும் மாற்றம் ஏன் அழியாமல் இருக்கிறது என்றால், மலேரியா பரவிய நாடுகளில் இதுவும் தலசீமியாவும் உயிரைக் காப்பாற்றியிருக்கின்றன.

“நாங்கள் என்ன தப்பு செய்தோம்?” என்பதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுக்கிறது, படியெடுத்தால் பிழை வரும், ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத சுமார் 60, 70 புதிய மாற்றங்களோடுதான் பிறக்கிறது. அப்புறம், நாம் சேர்த்துக்கொள்வதும் உண்டு: புகையிலை, வெற்றிலையோடு போடும் பாக்கு, பூஞ்சை பிடித்த நிலக்கடலை, நம் மதிய வெயில். புறஊதாக் கதிர் பட்டால் டிஎன்ஏவில் அடுத்தடுத்துள்ள இரண்டு டி எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலானவற்றைச் செல்லே சரிசெய்துவிடும், தப்பியது பிழையாகத் தங்கும். கைத்தொலைபேசி அலைகளுக்கு டிஎன்ஏவை உடைக்கும் சக்தி இல்லை, அதை விட்டுவிடலாம்.

கிருமிகளிலும் இதே பிழைகள்தான், அங்கே தலைமுறை நிமிடக் கணக்கு. ஆன்டிபயாடிக் உள்ளே போகும்போது எதிர்ப்பு மாற்றம் உள்ள ஒரு பாக்டீரியா ஏற்கெனவே இருந்தால் அது தப்பித்துப் பெருகும். மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை, மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் விடுகிறது. சளிக்காய்ச்சல் வைரஸால் வந்தது என்று டாக்டர் சொன்னால் ஆன்டிபயாடிக் கேட்டு அடம்பிடிக்காதீர்கள்.

கடைசியாக, அறிக்கையில் ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்’, அதாவது நோய் தருமா தராதா என்று இன்னும் தெரியாதது, என்று இருந்தால் அது நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. அதை வைத்து அறுவைசிகிச்சை, கல்யாணம் எதையும் முடிவு செய்யாதீர்கள். அறிக்கையைப் பத்திரப்படுத்தி, ஓரிரு ஆண்டு கழித்து, வகைப்பாடு மாறியிருக்கிறதா என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள்.