பபிளில் பெரிய ஸ்டாக்: பறிகொடுக்கும் வழிகள்

போக்கர் டோர்னமென்டில் இன்னும் ஓரிருவர் வெளியேறினால் மீதிப் பேருக்குக் காசு உறுதி என்ற கட்டம்தான் பபிள். அந்த நேரத்தில் பெரிய ஸ்டாக், அதாவது நிறைய சிப், வைத்திருப்பவர் ஆட்டத்தையே தன் கையில் வைத்துக்கொள்ளலாம். புதியவர்கள் அதைத் தொலைக்கும் விதங்கள் இவை. ஏஸ்-ஏஸை ஃபோல்டு செய்யாதே (சீட்டைப் போட்டுவிட்டு விலகாதே) என்கிற ரகம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

இன்னொரு பெரிய ஸ்டாக்கோடு மோதுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். வழக்கமாக நடப்பது: பட்டனில் (டீலர் இடத்தில்) இருப்பவர் 2.2 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார், அதாவது பந்தயத்தை உயர்த்துகிறார். பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயமாகக் கட்டும் பந்தயம்; அதில் பெரியது பிக் பிளைண்ட். அதைக் கட்டும் இடத்தில் அவரளவே சிப் வைத்திருக்கும் ஒருவர் 9-க்கு மறு ரெய்ஸ் போடுகிறார். பட்டனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது, ஏஸ்-குயினோடு ஆல்-இன், அதாவது மொத்த சிப்பும் பந்தயத்தில். எதிரே கிங் ஜோடி. மூன்று பிளைண்டோடு மூலையில் ஒடுங்கியிருந்தவர் காசு வாங்கிக்கொண்டு போகிறார்.

கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் மிச்சம், மூன்று பரிசுகள்: 50, 30, 20. மொத்த சிப்பில் உங்களிடம் 40%, எதிராளியிடம் 40%, மற்ற இருவரிடம் தலா 10%. ஸ்டாக் அளவை வைத்து ஒவ்வொரு இடத்திலும் முடிக்கும் வாய்ப்பைக் கணித்து, சிப்பைப் பணமாக மாற்றும் முறைக்கு ஐசிஎம் என்று பெயர். அதன்படி உங்கள் ஸ்டாக்கின் இப்போதைய மதிப்பு 34.4. அவரோடு ஆல்-இன் மோதி ஜெயித்தால் சிப் இரட்டிப்பாகும், மதிப்போ 45.8 மட்டுமே. தோற்றால் பூஜ்யம். அதாவது 11.3 சம்பாதிக்க 34.4-ஐப் பணயம் வைக்கிறீர்கள். மேசை நடுவில் ஏற்கெனவே கிடக்கும் பிளைண்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கால் செய்ய (எதிராளியின் பந்தயத்தை ஏற்க) 75% வெற்றி வாய்ப்பு வேண்டும். கிங் ஜோடிகூட ஏஸ்-கிங்கை எதிர்த்துச் சுமார் 70%தான்.

அதே மேசையில் 10% வைத்திருப்பவர் ஆல்-இன் வைத்தால் நீங்கள் கால் செய்ய சுமார் 53% போதும். ஒரே சீட்டுதான், எதிரே யார் என்பதைப் பொறுத்துக் கணக்கு தலைகீழாகிறது.

பெரியவர்கள் இருவரும் முட்டிக்கொண்டால் லாபம் யாருக்கு? சும்மா உட்கார்ந்திருந்த இரு குட்டி ஸ்டாக்குகளும் தலா 15.6-லிருந்து 27.1-க்கு ஏறிவிடுகின்றன. எதிராளிக்கும் இதே கணக்குதான் என்பதால், முதலில் ஆல்-இன் வைப்பவருக்குச் சாதகம் உண்டு. ஆனால் அது எதிரே இருப்பவர் இதை அறிந்து ஃபோல்டு செய்தால்தான் பலிக்கும். தெரியாதவர் கால் செய்துவிடுவார். ஆகவே பெரிய ஸ்டாக் பிளைண்டில் இருக்கும்போது பட்டனிலிருந்து திருடுவதை (எல்லாரும் ஃபோல்டு செய்வார்கள் என்று ரெய்ஸ் செய்து பிளைண்டை அள்ளுவதை) குறைத்துக்கொள்ளுங்கள். மறு ரெய்ஸ் வந்தால் ஏஸ்-குயினை விட்டுவிடுங்கள்.

மூன்று பிளைண்ட் ரெய்ஸ்

வேண்டாம், இரண்டு போதும். பிக் பிளைண்ட் ஆன்ட்டி (பிக் பிளைண்டில் இருப்பவர் மேசைக்கே சேர்த்துக் கட்டும் கூடுதல் தொகை) உள்ள ஆட்டத்தில் நடுவில் 2.5 பிளைண்ட் கிடக்கும். 2 போட்டால் 45% முறை எல்லாரும் ஃபோல்டு செய்தாலே லாபம். 3 போட்டால் 55% தேவை.

சாகக் கிடப்பவரிடம் பிளஃப்

மூன்று பிளைண்ட் வைத்திருந்தவர் பிக் பிளைண்டும் ஆன்ட்டியும் கட்டியபின் அவரிடம் ஒன்றுதான் மிச்சம். எதை வைத்தும் கால் செய்வார். அங்கே பிளஃப் (மோசமான சீட்டோடு மிரட்டுவது) பலிக்காது, நல்ல சீட்டு இருந்தால் மட்டும் ஆடுங்கள். மிரட்ட வேண்டியது 15 முதல் 25 பிளைண்ட் வைத்திருக்கும் நடுத்தர ஸ்டாக்குகளை. பரிசுக்கு அருகில் வந்துவிட்டோம், இப்போது வெளியேறக் கூடாது என்று பயப்படுபவர்கள் அவர்கள்தான்.

பபிளை முடித்துவிட அவசரப்படுவது

குட்டி ஸ்டாக்கை வெளியேற்றுவது தன் கடமை என்று நினைத்து, கிடைத்த சீட்டோடு கால் செய்கிறார்கள். பபிள் நீடிப்பதால் சம்பாதிப்பவரே நீங்கள்தான். அவர் உயிரோடு இருக்கும்வரை நடுத்தர ஸ்டாக்குகள் ஃபோல்டு செய்துகொண்டே இருக்கும். லாபமான கால் என்றால் செய்யுங்கள். ஆட்டத்தை முடிக்கவென்று மட்டும் செய்யாதீர்கள்.

காசு உறுதியான பிறகும் அதே ஆட்டம்

பபிள் உடைந்த அடுத்த கையிலேயே, அதுவரை ஒடுங்கியிருந்தவர்கள் ஆல்-இன் வைக்கத் தொடங்குவார்கள். இரண்டு நிமிடம் முன்பு எதை வைத்துத் திருடினீர்களோ, அந்த ஒரே ஜாதி ஒன்பது-ஐந்தோடு இப்போது ரெய்ஸ் செய்யாதீர்கள்.