குடையை மட்டும் பாத்துக் காளான் பேர் சொல்லாதேங்கோ

மழை விட்டு ரெண்டாம் நாள் தெஹிவளையில மாமி வீட்டுப் புல்லுக்க வெள்ளை வெள்ளையா குடை விரிச்சு நிண்டது, நடுவில மட்டும் கபில நிறச் செதில். மாமி சுளகோட வந்திட்டா, "தம்பி, இது எங்கட வன்னிப் புத்துக் காளான்தான், சின்னனில எவ்வளவு சாப்பிட்டிருப்பம்" எண்டு. நான் ஒண்டிண்ட குடையை வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புப் பேப்பரில கவிழ்த்து வச்சு கிண்ணத்தால மூடி விட்டன், விடிய எடுத்துப் பாத்தா வெள்ளைப் பக்கத்தில கோடு கோடா மங்கின பச்சைத் தூள். அப்ப இது குளோரோபில்லம் மொலிப்டைட்டஸ் எண்ட நச்சுக் காளான், சாப்பிட்டா 1-3 மணித்தியாலத்தில சத்தியும் வயித்தால போறதும். புத்துக் காளான்ட தூள் இளஞ்சிவப்பா விழும். பிஞ்சில இந்த நச்சுக் காளான்ட கீழ் மடிப்பும் வெள்ளைதான், அங்கதான் மாமி மாதிரி அனுபவக்காரரே ஏமாறுறது.

காட்டுக்குப் போறவை செய்யிற பெரிய பிழை, தண்டை மண் மட்டத்தில வெட்டி மேல் பாதியை மட்டும் எடுக்கிறது. அடையாளம் முக்கால்வாசி மண்ணுக்க கிடக்கு. கத்தியால தோண்டி முழுசா எடுத்தா, புத்துக் காளானுக்குத் தண்டு வேர் மாதிரிக் கீழ கறையான் கூடு வரைக்கும் போகும், ஆளைக் கொல்லுற சாதியளும் இருக்கிற அமானிட்டா எண்ட காளானுக்கு அடியில உடைஞ்ச முட்டைக் கோது மாதிரி ஒரு பை இருக்கும். அதை மண்ணுக்க விட்டிட்டு மேல நிண்டு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில போட்டா ஆருக்கும் சொல்ல ஏலாது, போனில இருக்கிற ஆப்புக்கும் ஏலாது. சிங்கராஜா மாதிரி பாதுகாக்கப்பட்ட காடெண்டா தொடவே வேண்டாம், குனிஞ்சு அடிப்பக்கத்தையும் சேத்துப் படம் எடுங்கோ, காணும்.

வெள்ளிக் கரண்டி கறுக்குமாம், உள்ளி போட்டா நிறம் மாறுமாம், எல்லாம் கதை. நத்தை கடிச்சிருந்தா நல்லதாம், நத்தைன்ட வயிறும் எங்கட வயிறும் ஒண்டே? கலரா இருந்தாத்தான் விஷம் எண்டுறதும் பிழை, ஆளைக் கொல்லுற அமானிட்டாவில சிலது பால் வெள்ளை. அதில இருக்கிற அமடொக்சின் எண்ட நஞ்சு எவ்வளவு அவிச்சாலும் போகாது, 6 மணித்தியாலத்துக்குப் பிறகுதான் வயித்தைப் பிரட்டத் தொடங்கும், பிறகு சுகம் மாதிரிக் காட்டி ஈரலைப் பிடிக்கும். அதால ஆரும் சாப்பிட்டிட்டா நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்காம 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுங்கோ, மிச்சக் காளானைப் பேப்பரில சுத்திக் கையோட கொண்டு போங்கோ, பொலித்தீனில போட்டா அழுகிடும்.