பாசிவ் பிறீஅம்புக்கு எந்தப் பொட்?

பாசிவ் பிறீஅம்ப் என்பது பிளேயருக்கும் அம்புக்கும் நடுவே வைக்கும் வொலியூம் பெட்டி: ஒரு ஸ்ரீரியோ பொட்டும் (வொலியூமுக்குத் திருகும் றெசிஸ்ரர்) நான்கு ஆர்சிஏ சொக்கட்டும்தான். சத்தத்தைக் கூட்டாது, குறைக்க மட்டுமே செய்யும். சிடி பிளேயர் தருவது 2 வோல்ற். உங்கள் அம்ப் 1.5 வோல்ற்றுக்குள் முழுச் சத்தம் தந்தால் இந்த வேலையில் இறங்கலாம்.

கடைக்காரர் 100 கிலோ ஓம் பொட்டை நீட்டினால் வாங்காதீர்கள். சிக்னல் வோல்ற் பாதியாகக் குறையும் இடத்தில் பொட்டின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் தடை, அதன் மதிப்பில் கால்பங்கு: 100 கிலோவுக்கு 25, 10 கிலோவுக்கு 2.5. மீற்றருக்கு 100 பிக்கோஃபரட் உள்ள வயரை 5 மீற்றர் இழுத்தால், 25 கிலோ ஓம் 12.7 கிலோஹேர்ட்ஸிலேயே 3 டெசிபல் இழந்துவிடும். கூத்துப் பதிவைப் போட்டுப் பாருங்கள், சல்லரியும் சதங்கையும் போர்வைக்குள் இருந்து கேட்கும். 10 கிலோ பொட்டில் அதே இழப்பு 127 கிலோஹேர்ட்ஸில்தான். காதுக்கு எட்டாது.

அம்பின் இன்புட் இம்பீடன்ஸ் பொட்டின் அவுட்புட்டைப் போல் பத்து மடங்காவது வேண்டும். கையேடு இல்லையா? போனில் 200 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, அம்பின் இன்புட்டில் ஏசி வோல்ற்றை அளவுங்கள். பிறகு சிக்னல் வயரில் 47 கிலோ ஓம் றெசிஸ்ரரைத் தொடராகப் போட்டு, அதே இடத்தில் மறுபடி அளவுங்கள். 0.6 வோல்ற் 0.3 ஆனால் இன்புட் 47 கிலோ ஓம்; 0.1 ஆனால் 9.4. ஏசியில் 200 வோல்ற் ரேஞ்சுக்குக் கீழே இறங்காத மலிவு மீற்றர் இதற்கு உதவாது. அளக்கும்போது சத்தம் தொந்தரவென்றால், ட்ரான்சிஸ்ரர் அம்பில் ஸ்பீக்கரைக் கழற்றிவிடலாம். வால்வு அம்பில் கழற்றவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும்.

வால்வு அவுட்புட் உள்ள பிளேயருக்கு 10 கிலோ பொட் பாரம். அதன் அவுட்புட்டில் உள்ள 0.47 மைக்ரோஃபரட் கப்பாசிற்றரோடு, 10 கிலோ ஓம் இன்புட் உள்ள அம்பும் சேர்ந்தால், முழு வொலியூமில் 68 ஹேர்ட்ஸுக்குக் கீழே பேஸ் கரைந்துவிடும். அங்கே 1 மைக்ரோவாவது போடுங்கள்.

‘ஏ’ என்று குறித்த லொக் பொட்தான் வேண்டும்; திருகும்போது காதுக்குச் சீராகச் சத்தம் ஏறுவது அதில்தான். தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே: இடது கிரவுண்ட், நடு அவுட்புட், வலது இன்புட். நடுவையும் வலதையும் மாற்றி ஈயம் வைத்தால், வொலியூமைக் குறைக்கும்போது பிளேயரே ஷோர்ட் ஆகும். இரும்புப் பெட்டியைக் கிரவுண்டோடு இணையுங்கள். இல்லாவிட்டால் கை வைத்ததும் இரையும்.

காத்தான்குடி, கல்முனைப் பக்க உப்புக் காற்றில் திறந்த பொட் சீக்கிரம் கரகரக்கும், மூடிய வகையே வாங்குங்கள். கிளீனர் அடித்தும் கரகரப்புப் போகவில்லையென்றால் பொட்டைத் திட்டாமல், பிளேயரின் அவுட்புட்டில் டிசி கசிகிறதா என்று மீற்றரை வையுங்கள்.