கோத்தகிரியிலிருந்து ஓர் அசெம்பிளரின் பராமரிப்பில் கைகொடுப்பது எப்படி?

சில்லின் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொற்களில் எழுதும் அசெம்பிளி மொழியைப் படிப்பவர்களில் பலர், அந்தச் சொற்களைச் சில்லுக்குப் புரியும் பைட்டுகளாக மாற்றும் அசெம்பிளர் என்பது எப்போதோ எழுதி முடித்துவிட்ட கருவி என்றே எண்ணுகிறார்கள். நாஸ்ம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெட்வைட் அசெம்பிளரை சைமன் டாதமும் ஜூலியன் ஹாலும் 1996இல் தொடங்கினார்கள், பின்னர் எச். பீட்டர் ஆன்வின் தலைமையிலான குழு அதை ஏற்று நடத்தி வருகிறது, 2.07ஆம் பதிப்பிலிருந்து அது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் எளிய பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் வேலை ஓயவில்லை, ஏனெனில் சில்லு செய்பவர்கள் ஓயவில்லை. 2023இல் இன்டெல் அறிவித்த ஏபிஎக்ஸ் என்ற கட்டளை விரிவாக்கம், கணக்கிடும் எண்களைச் சில்லுக்குள்ளேயே வைத்திருக்கும் பொதுப் பயன் ரெஜிஸ்டர்களை 16இலிருந்து 32ஆக உயர்த்துகிறது. கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில கல்லூரி மாணவர்களோடு இந்த மூலநிரலைப் படித்து வருகிறேன். புதிதாக வருபவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

முதல் வேலை, வேண்டியதையெல்லாம் கணினியிலேயே வைத்துக்கொள்வது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ இங்கே மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். வானம் தெளிந்திருக்கும் நாளில், மூலநிரலின் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியால் நாஸ்மின் களஞ்சியத்தை முழு வரலாற்றோடு இறக்கிவிட்டால், அனுப்புவதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் இணையம் இல்லாமலே செய்யலாம். இன்டெல்லின் மென்பொருள் கையேட்டையும் அன்றே இறக்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகுப்பு ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்டது, ஆனால் நமக்கு அடிக்கடி வேண்டியது கட்டளைகளை அகரவரிசையில் விளக்கும் இரண்டாம் தொகுதிதான். மூலநிரலிலிருந்து ஓடும் நிரலைக் கட்டுவதற்கு ஒரு சி கம்பைலர், பெர்ல் மொழி, ஆட்டோகான்ஃப் கருவி ஆகியவை போதும். ஆட்டோஜென், கன்ஃபிகர், மேக் என்ற வரிசையில் ஓட்டினால், பழைய மடிக்கணினியிலும் அதிக நேரம் எடுக்காது. கட்டிய நிரலை இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அந்தக் கோப்புறையிலிருந்தே ஓட்டுங்கள், இல்லையென்றால் எந்த நாஸ்ம் ஓடுகிறது என்ற குழப்பத்திலேயே ஒரு மாலை கழிந்துவிடும்.

மாணவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே புதிய கட்டளை ஒன்றைச் சேர்க்க ஆசை. நான் அதைத் தடுத்து, ஏற்கெனவே உள்ள நிரல்பிழை, அதாவது வழு ஒன்றை எடுக்கச் சொல்கிறேன். குறிப்பாக, குப்பையான உள்ளீட்டைக் கொடுத்தால் நிரல் நொறுங்கும் வகை வழுக்கள் நல்ல பயிற்சிக்களம். அப்படி ஒரு நிரலை மனிதர் யாரும் எழுதமாட்டார் என்பது உண்மைதான், ஆனாலும் பிழைச்செய்தி தந்து நாகரிகமாக நிற்க வேண்டியது அசெம்பிளரின் கடமை. இவற்றில் பலவும், மேக்ரோ எனப்படும் சுருக்கப் பெயர்களை முதலில் விரித்துத் தரும் ப்ரீப்ராசசர் பகுதியில் இருக்கும். கம்பைலரில் உள்ள அட்ரஸ் சானிடைசர் வசதியை இயக்கி நாஸ்மைக் கட்டினால், எந்த வரியில் நினைவகம் தவறாகத் தொடப்படுகிறது என்பது நேரடியாகத் தெரியும். பிறகு வழுவைக் காட்டும் நிரலை வெட்டி வெட்டி, இனி ஒரு வரியை எடுத்தாலும் வழு மறைந்துவிடும் என்ற அளவுக்குச் சுருக்குங்கள். என் கணக்கில் பாதி வேலை இந்தச் சுருக்கலிலேயே முடிந்துவிடுகிறது.

முன்பு சரியாக ஓடியது இப்போது ஓடவில்லை என்றால், எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்று தேட கிட் பைசெக்ட் என்ற கட்டளை உதவும். நல்ல நிலைக்கும் கெட்ட நிலைக்கும் இடையில் 1,000 மாற்றங்கள் இருந்தாலும், ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரிப்பதால் சுமார் 10 முறை கட்டிப் பார்த்தாலே குற்றவாளி அகப்படும். மின்சாரம் இல்லாத வேளையில் பேட்டரியிலேயே முடித்துவிடக்கூடிய வேலை இது.

இனி, அசெம்பிளருக்கே உரிய எச்சரிக்கை. ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரோடு ஈபிஎக்ஸைக் கூட்டும் கட்டளையை இரண்டு விதமாக பைட்டுகளாக்கலாம்: பதின்ம எண்ணில் சொன்னால் 1, 216 என்றும் எழுதலாம், 3, 195 என்றும் எழுதலாம், சில்லுக்கு இரண்டும் ஒன்றே. நாஸ்ம் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறது. அதை இரண்டாவதாக மாற்றினால் கணக்கு தவறாது, ஆனால் பழைய மூலநிரலை மறுபடி கட்டி, பைட்டுக்கு பைட் ஒப்பிடும் எல்லோருடைய சோதனையும் உடையும். நீளம் மாறினால் விளைவு இன்னும் பெரிது. நிரலில் ஓர் இடத்துக்கு வைக்கும் பெயர் லேபிள், அந்த இடத்துக்குப் போகச் சொல்லும் கட்டளை தாவல். குறுந்தாவல் 2 பைட், 32 பிட் முறையில் நெடுந்தாவல் 5 பைட். குறுந்தாவல் முன்னால் 127 பைட் வரைதான் எட்டும். எல்லையில் நிற்கும் தாவலுக்கும் அதன் லேபிளுக்கும் நடுவே ஒரு பைட் கூடினாலும் அந்தத் தாவல் நெடியதாகும், அதனால் பின்வரும் லேபிள்கள் நகரும், அவற்றை நம்பியிருக்கும் வேறு தாவல்களும் நீளலாம். அதனால்தான் அசெம்பிளர் நிரலைப் பலமுறை சுற்றிவருகிறது. அதனால்தான் தேவையில்லாமல் ஒரு பைட்டைக்கூட மாற்றாமல் இருப்பதையே பராமரிப்பவரின் முதல் கடமையாக நான் கருதுகிறேன்.

புதிய பெயர்களைச் சேர்ப்பதிலும் இதே கவனம் வேண்டும். ஆர்16 என்று ஒரு லேபிளுக்குப் பெயர் வைத்து யாரோ எழுதிய பழைய நிரல், ஏபிஎக்ஸில் அதே பெயரில் ரெஜிஸ்டர் வந்ததும் நின்றுவிடும். பெயருக்கு முன் டாலர் குறியிட்டால் நாஸ்ம் அதை ஒதுக்கப்பட்ட சொல்லாகக் கொள்ளாமல் சாதாரணப் பெயராகவே கொள்ளும். இதை அறியாதவர் நம்மைத்தான் திட்டுவார்.

சில வழுக்களைத் தீர்த்த பிறகு கட்டளை சேர்க்கும் ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். எக்ஸ்86 கோப்புறையில் இருக்கும் கட்டளை அட்டவணையில் ஒவ்வொரு வரியும் கட்டளையின் பெயர், அதன் உறுப்புகள், பைட்டாக்கும் முறை, எந்தச் சில்லுக்கு உரியது என்பது போன்ற குறிகள் ஆகியவற்றைத் தாங்கியிருக்கும். பெர்ல் நிரல் அதைப் படித்து சி கோப்புகளை உருவாக்குகிறது. அந்தச் சி கோப்புகளில் நேரடியாகக் கைவைத்தால், அவை மறுபடி உருவாகும்போது உங்கள் உழைப்பு சுவடில்லாமல் போகும். பைட்டுகளைத் திரும்பவும் கட்டளைகளாக மாற்றிக் காட்டும், நாஸ்மோடு வரும் டிஸ்அசெம்பிளரான என்டிஸாஸ்மும் இதே அட்டவணையிலிருந்தே பிறக்கிறது. மாணவி ஒருத்தி தான் சேர்த்த வரியை அதைக் கொண்டே சரிபார்த்துவிட்டு, "சார், திருப்பிப் பார்த்தா சரியாத்தானே வருது?" என்று கேட்டாள். அட்டவணையில் பிழை இருந்தால் நாஸ்ம், என்டிஸாஸ்ம் இரண்டும் சேர்ந்தே தவறும். தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போன்றது அது. குனு பின்யுடில்ஸ் என்ற தனிக் கருவித் தொகுப்பில் உள்ள ஆப்ஜ்டம்ப் என்ற டிஸ்அசெம்பிளரைக் கொண்டு சரிபாருங்கள், கையேட்டின் பக்கத்தோடும் ஒப்பிடுங்கள்.

எந்தத் திருத்தமானாலும் அதோடு ஒரு டெஸ்ட் போக வேண்டும். நாஸ்மின் டெஸ்டுகள் டிராவிஸ் என்ற கோப்புறையில் இருக்கின்றன: சிறிய அசெம்பிளி நிரல், அதை எப்படி ஓட்டுவது என்று விவரிக்கும் ஜேசன் கோப்பு, எதிர்பார்க்கும் விடை. அங்குள்ள பைத்தான் நிரல் எல்லாவற்றையும் ஓட்டி ஒப்பிடும். திருத்தத்துக்கு முன் உங்கள் டெஸ்ட் தோற்கிறதா என்பதையும் பாருங்கள். எப்போதும் வெற்றிபெறும் டெஸ்ட் எதையும் காக்காது. பழைய டெஸ்ட் ஒன்று தோற்றால், எதிர்பார்க்கும் விடையைப் புதுப்பித்துவிட்டு நகரும் சபலம் வரும். ஏன் மாறியது என்று ஒரு வாக்கியத்தில் விளக்க முடியாதவரை அதைத் தொடாதீர்கள்.

அனுப்பும்போது ஒரு மாற்றத்துக்கு ஒரு கமிட், அதாவது கிட்டில் ஒரு பதிவு, என்று பிரித்து, மூலநிரலின் எந்தப் பகுதி, என்ன தவறு, ஏன் இந்தத் தீர்வு என்று குறிப்பில் எழுதுங்கள். பராமரிப்பவர்களுக்கு வேறு வேலைகளும் உண்டு, பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதற்குள் முதன்மைக் கிளை நகர்ந்திருந்தால், உங்கள் திருத்தத்தை அதன் புதிய நுனியின் மேல் ஏற்றி, எல்லா டெஸ்டுகளையும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகே நினைவூட்டி எழுதுங்கள்.